எலி சாப்பிட்டால் போதுமா?

முல்லைப்பெரியாறு தண்ணீர் லோயர்கேம்ப் வழியே இறங்கினால் கூடலூர் வயல்களில் நாற்றங்கால் வேலை தொடங்கிவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அதுதான் உயிர். நெல்லோடு பிறந்து வளர்ந்த இந்தப் பக்கத்திலும் ரேஷன் அரிசியைக் களையும்போது ஒரு சந்தேகம் எட்டிப் பார்ப்பதுண்டு. ‘சில மணிகள் வேறு மாதிரி இருக்கே, மரபணு மாற்றின அரிசியோ?’

இல்லை. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, அரிசி வடிவத்தில் இயந்திரத்தில் பிழிந்தெடுக்கிறார்கள். அதைச் சாதாரண அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். விதையில் யாரும் கை வைக்கவில்லை.

விதையிலேயே சத்தை ஏற்றுவது வேறு கதை. வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின் கொண்ட ‘கோல்டன் ரைஸ்’ பற்றிய ஆய்வு 2000-ல் வெளியானது. நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. தண்டுக்கீரை இனத்துச் செடி ஒன்றின் விதையிலுள்ள புரத மரபணுவை, டெல்லி தேசிய தாவர மரபணு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆசிஸ் தத்தா குழுவினர் உருளைக்கிழங்கில் சேர்த்தார்கள். புரதம் 60 சதவிகிதம் வரை கூடியது என்று 2010-ல் அறிவித்தார்கள். எலிக்கும் முயலுக்கும் கொடுத்துப் பார்த்ததில் கெடுதல் இல்லை என்றும் சொன்னார்கள். ஆனால், அந்தக் கிழங்கு இன்னும் சந்தைக்கு வரவில்லை.

எலிக்குக் கொடுத்துப் பார்ப்பது என்றால் என்ன? வழக்கமாக 90 நாள் சோதனை. ஒரு கூட்டத்துக்குப் புதுப் பயிர், இன்னொரு கூட்டத்துக்கு அதே ரகத்தின் பழைய பயிர். எடை, தின்னும் அளவு, ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். கடைசியில் ஈரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளை எடை போட்டு, மைக்ராஸ்கோப்பில் ஆராய்வார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் உண்டா என்பதுதான் கேள்வி.

இதில் மூன்று சிக்கல்கள்.

முதலாவது, அளவு. பூச்சிமருந்து என்றால் பாதிப்பு தெரியும்வரை அளவைக் கூட்டிப் பார்த்து, பாதிப்பில்லாத அளவைக் கண்டுபிடித்து, அதில் நூறில் ஒரு பங்கை மனிதருக்குப் பாதுகாப்பானது என்று வைக்கலாம். உணவை அப்படிக் கூட்ட முடியாது. வெறும் உருளைக்கிழங்கையே போட்டால், மரபணு மாற்றாத கிழங்கைத் தின்ற எலியும் சத்துக் குறைவால் நலிந்துவிடும். 1998-ல் ஸ்காட்லாந்தில் ஆர்பாட் புஸ்தாய் செய்த உருளைக்கிழங்கு சோதனை பெரும் சர்ச்சையானபோது, எலிகளுக்குத் தந்த உணவே சரியில்லை என்ற விமர்சனமும் எழுந்தது.

இரண்டாவது, யார் எப்படிச் சோதிப்பது? 2012-ல் பிரான்ஸில் மரபணு மாற்றிய மக்காச்சோளம் தின்ற எலிகளின் கட்டிப் படங்கள் உலகையே மிரட்டின. ஒரு பிரிவுக்குப் பத்து எலிகள்தான். அதுவும் வயதானால் தானாகவே கட்டி வரும் இனம். அடுத்த ஆண்டே அந்த இதழ் கட்டுரையை வாபஸ் பெற்றது. மறுபக்கம், விதை விற்கும் நிறுவனமே சோதனையையும் நடத்தினால் மக்கள் எப்படி நம்புவார்கள்? 2010 பிப்ரவரியில் பி.டி. கத்தரிக்காயை அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்ததற்கு, சுதந்திரமான சோதனைகள் போதவில்லை என்பதும் ஒரு காரணம்.

மூன்றாவது, எலி வேறு, மனிதர் வேறு. எலியின் குடல் பீட்டா கரோட்டினை மளமளவென்று வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடும். நம் உடம்பில் அந்த வேகம் கிடையாது. ஆகவே, கெடுதல் உண்டா என்று எலி ஓரளவு சொல்லும்; நமக்குச் சத்து கிடைக்குமா என்று சொல்லாது. அதற்கு ஒருநாள் மனிதர்தான் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அங்கேதான் பெரிய தவறு நடந்தது. 2008-ல் சீனாவின் ஹுனான் மாகாணத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கு கோல்டன் ரைஸ் கொடுத்தார்கள். அது மரபணு மாற்றிய அரிசி என்று பெற்றோருக்குச் சரியாகச் சொல்லவில்லை. 2012-ல் விஷயம் வெளியானதும் சம்பந்தப்பட்ட அதிகாரிகள் பதவி இழந்தார்கள். 2015-ல் அந்த ஆய்வுக் கட்டுரையே வாபஸ் ஆனது. குழந்தைகளுக்குக் கெடுதல் வந்ததால் அல்ல, கேட்காமல் கொடுத்ததால்.

இந்தியாவில் கோல்டன் ரைஸுக்கு அனுமதி இல்லை. நாளை எந்தப் புதுப் பயிர் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சோதித்தது யார்? எதோடு ஒப்பிட்டார்கள்? முடிவுகளை எல்லோரும் பார்க்க முடியுமா?

அதுவரை வைட்டமின் ஏ-வுக்கு முருங்கைக்கீரை, பப்பாளி, கேரட் இருக்கின்றன. கீரையில் ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்தால் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் வைட்டமின் ஏ திரவத்தையும் குழந்தைகளுக்கு மறக்காமல் கொடுங்கள்.