கொல்லைப்புறத்துப் புகை



மூன்றாம் ஆண்டில் படிக்கும் என் மாணவன் ஒருவன் சென்ற மாதம் அடிக்கடி பள்ளிக்கு வரவில்லை. என்னவென்று விசாரிக்க லயத்துக்குப் போனேன். பையனுக்கு இளைப்பு. கிளினிக்கில் கொடுத்த, வாயில் வைத்து இழுக்கும் மருந்து தலையணை ஓரத்தில் கிடந்தது. அப்போது மாலை ஆறரை மணி இருக்கும். அவன் அம்மா கொல்லையில் குப்பைக்குத் தீ வைத்திருந்தார். கறுப்புப் புகை சமையற்கட்டு ஜன்னல் வழியாக நுழைந்து, நேரே அவன் படுத்திருந்த அறைக்கு வந்து கொண்டிருந்தது.

டீச்சர் வாய் சும்மா இருக்குமா? "என்னம்மா, பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறான், நீங்க இதை எரிக்கிறீங்களே" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக் கொள்ளவில்லை. "குப்பை லோரி மெயின் ரோட்டோட திரும்பிப் போயிடுது டீச்சர். எரிக்காம வெச்சா நாயும் எலியும் இழுத்துப் போடுது. எங்க கொண்டு போய்க் கொட்டச் சொல்றீங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பயிற்சிக் கல்லூரியில் இதற்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

கொல்லையில் மூட்டும் தீக்குச் சூடு போதாது. பிளாஸ்டிக் முழுவதும் எரியாமல் கரியாகவும் நச்சுப் புகையாகவும் கிளம்பும். அதோடு பி.வி.சி. வகைச் சாமான்கள், பழைய ஒயர், குழாய்த் துண்டு போன்றவை சேர்ந்தால் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது காற்றோடு போய்த் தொலைவதில்லை. சாம்பலோடு மண்ணில் தங்கி, அந்த மண்ணைக் கிளறித் தின்னும் கோழியின் கொழுப்பிலும் முட்டையிலும் சேருகிறது. நாமோ, நாட்டுக் கோழி முட்டை உடம்புக்கு நல்லது என்று பிள்ளைக்கு அவித்துக் கொடுக்கிறோம்.

கோலலங்காட் ஜெஞ்ஜாரோம் வட்டாரம் பலருக்கு நினைவிருக்கும். 2018-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சீனா அந்நிய பிளாஸ்டிக் குப்பைக்குக் கதவைச் சாத்தியதும், அது நம் நாட்டுக்கு வந்து குவிந்தது. செம்பனைக் காடுகளுக்கு நடுவே திருட்டுத்தனமாகத் தொழிற்சாலைகள் முளைத்தன. இரவு நேரத்தில் பிளாஸ்டிக் எரியும் நாற்றம் தாங்காமல் ஊர் மக்கள் புகார் மேல் புகார் கொடுத்துப் போராடினார்கள். 2020-ஆம் ஆண்டு ஜனவரிக்குள் 150 கொள்கலன்கள் வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்பட்டதாக அரசாங்கம் அறிவித்தது. அந்நியர் குப்பையின் புகை என்றால் நாடே பேசுகிறது. நம் கொல்லைப் புகையை நாமே பேசுவதில்லை.

மறு வாரம் அந்த அம்மாவும் நானும் உட்கார்ந்து, அவர் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் பார்த்தோம். (பக்கத்து வீட்டுப் பாட்டி, "டீச்சருக்கு வேற வேலை இல்லையா?" என்று சிரித்தார்.) பெரும்பாலும் பைகள்தாம். வெங்காயத்துக்கு ஒரு பை, காய்ந்த மிளகாய்க்கு ஒரு பை, நெத்திலிக்கு ஒரு பை, மூன்றையும் போட இன்னொரு பை. மீன் பை, குழம்பு கட்டிய பை, ராஃபியா கயிற்றோடு தேத்தண்ணிப் பை. பிறகு சின்னச் சின்னச் ஷாம்பு பொட்டலங்கள். தேத்தண்ணிப் பையைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. பள்ளி முடிந்து திரும்பும்போது நான் தினமும் வாங்குவதும் அதுதான்.

நம் அம்மாமார் காலத்தில் கோப்பியைப் பால் டின்னில் கயிறு கட்டிக் கொடுத்தார்கள். வறுத்த மீயைப் பாக்கு மட்டையில் மடித்தார்கள். எண்ணெய்க்குப் போத்தல், மீனுக்குச் சட்டி, சாமானுக்கு ரோத்தான் கூடை. அது அவர்கள் பெருமை என்று சொல்ல மாட்டேன். அன்று வேறு வழியில்லை. ஆனால் கொல்லையில் இந்தப் புகை இல்லை.

அந்த அம்மா முதலில் மாற்றியது மீன் பையை. மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரரிடம் மூடி போட்ட சட்டியை நீட்டினார். அவருக்கு மகிழ்ச்சி, பை அவர் காசல்லவா! பழைய கைலியைக் கிழித்து நான்கு பைகள் தைத்தோம். மளிகைக் கடைக்காரர்தான் முகம் சுளித்தார். சிலாங்கூரில் 2017-ஆம் ஆண்டிலிருந்து பைக்கு 20 காசு என்று விதி வந்தது. தோட்டத்துக் கடையில் இன்றும் கேட்காமலே பை வருகிறது. வெங்காயத்தையும் மிளகாயையும் ஒரே துணிப்பையில் போடச் சொன்னால் "கலந்து போகும்" என்கிறார். கலக்கட்டுமே, வீட்டில் பிரித்துக் கொள்ள எத்தனை நேரமாகும்? நான் இப்போது தேத்தண்ணிக்குத் தூக்குச் சட்டி கொண்டு போகிறேன். முதல் இரண்டு நாள் கடையில் எல்லாரும் பார்த்தார்கள்.

ஷாம்பு விஷயம் எளிதல்ல. பெரிய போத்தல் வாங்கினால் கணக்குக்கு லாபம் என்று நான் சொன்னபோது, "மாசக் கடைசியில கையில இருக்கிற காசுக்குப் பொட்டலம்தான் வரும் டீச்சர்" என்றார். நியாயம்தான். கடைசியில் மூன்று வீடுகள் சேர்ந்து சம்பள நாளில் ஒரு போத்தல் வாங்கி ஊற்றிக் கொள்கிறார்கள்.

எண்ணெய்ப் பொட்டலத்துக்கு மட்டும் எங்களுக்கு வழி தெரியவில்லை. 2 வெள்ளி 50 காசு மானிய எண்ணெய் ஒரு கிலோ பிளாஸ்டிக் பொட்டலத்தில்தான் வருகிறது. போத்தல் எண்ணெய்க்கு விலை எங்கேயோ நிற்கிறது. பொட்டலத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருமா? அதனால் வெட்டி, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்து, ஒரு கோணிப்பையில் சேர்த்து வைக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கோணியை என் காரில் ஏற்றிப் பட்டணத்துக் குப்பைத் தொட்டியில் சேர்க்கிறேன். இது எத்தனை நாளைக்கு? ஒரு லயத்துக்கு ஒரு டீச்சர் கார் என்பது ஒரு ஏற்பாடா? லோரி உள்ளே வர வேண்டும் என்று பெற்றோர்கள் கையெழுத்திட்ட கடிதம் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

பையனுக்கு இளைப்பு முழுவதும் விடவில்லை. இந்த மாதம் ஒரு நாள்தான் வராமல் இருந்தான். நேற்று அவன் வீட்டுக் கொல்லையில் புகை இல்லை. நான்கு வீடு தள்ளி ஒரு வீட்டில் இருந்தது. இந்த வாரம் அங்கே போக வேண்டும்.