நாத்திகருக்கு எதற்குத் தேர்வடம்?

"சாமியே இல்லை என்கிறீர்கள். பிறகு தேர்வடத்தைத் தொட ஏன் போராடுகிறீர்கள்?"

கண்டனூர், புதுவயல், காரைக்குடி வட்டாரத்தில் கடவுள் மறுப்புப் பேசும் தலித்துகள் நாங்கள் அடிக்கடி சந்திக்கும் கேள்வி இது. சாதி இந்துக்கள் கேலியாகக் கேட்கிறார்கள். சில முற்போக்குத் தோழர்கள் உண்மையான குழப்பத்தோடு கேட்கிறார்கள். இருவருக்கும் எங்கள் பதில் ஒன்றுதான்: வடத்தில் இருப்பது பக்தி அல்ல, ஊர் உரிமை.

கண்டதேவியையே எடுத்துக்கொள்வோம். தேவகோட்டைக்கு அருகில் உள்ள சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயிலின் ஆனித் தேர் வடங்கள் நான்கு நாட்டாருக்கு உரியவை என்பது அங்குள்ள வழக்கம். தங்களுக்கும் வடம் பிடிக்கும் உரிமை வேண்டும் என்று 1990களின் இறுதியில் தலித்துகள் கேட்டதும் தேர் பிரச்சினை ஆனது. வழக்கு, சமாதானக் கூட்டம், போலீஸ் குவிப்பு என்று ஆண்டுகள் போயின. 2006க்குப் பிறகு தேர் ஓடவே இல்லை. திருப்பணி என்றார்கள், தேர் பழுது என்றார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2024 ஜூன் 21 அன்று பெரும் போலீஸ் காவலுடன் புதுத்தேர் ஓடியது.

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித்துகள் உள்ளே வரலாமா என்ற தகராறில், திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் அதிகாரிகள் சீல் வைத்தார்கள். தேர் நிற்பதையும் கோயில் பூட்டிக் கிடப்பதையும் பக்தர்கள் சகித்துக்கொள்ள முடிகிறது. நம் கை வடத்தில் படுவதைத்தான் சகிக்க முடியவில்லை. அப்படியானால் அவர்கள் காப்பாற்றுவது சாமியையா, சாதியையா?

அன்றாட வாழ்க்கையில் மதம் என்பது நம்பிக்கையைவிட உறுப்பினர் பதிவேடாகத்தான் வேலை செய்கிறது. செட்டிநாட்டில் இதைப் பார்ப்பது எளிது. நகரத்தார் திருமணத்துக்கு அவரவர் குலக்கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். மணமான தம்பதி ஒரு 'புள்ளி'யாகக் கணக்கில் சேர்வார்கள். மணமகன் நாத்திகராக இருக்கலாம், புள்ளி புள்ளிதான். மற்ற ஊர்க்கோயில்களிலும் யாரிடம் தலைக்கட்டு வரி வாங்குவது, யாருக்குப் பரிவட்டம், யார் பறை அடிப்பது என்று எல்லாமே சாதிப்படி எழுதப்பட்ட கணக்கு. நெஞ்சில் சாமி இருக்கிறதா என்று அந்தக் கணக்கு யாரையும் கேட்பதில்லை.

அதனால்தான் சாதி இந்து நாத்திகரின் மறுப்பும் நம் மறுப்பும் ஒன்றாக இருக்க முடியாது. அவர் கோயிலுக்குப் போகாமல் இருந்தாலும் அண்ணனுக்குப் பரிவட்டம் கட்டப்படும், குடும்பத்தின் பங்கு குறையாது. அவர் தன் விருப்பத்தில் வெளியேறியவர். நாம் வெளியே நிறுத்தப்பட்டவர்கள். உள்ளே போகும் உரிமை இருப்பவர்தான் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல முடியும்.

அண்ணல் அம்பேத்கர் 1930இல் நாசிக்கில் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட மக்களைத் தட்டி எழுப்பவே அதைத் தொடங்கியதாகவும், கோயிலுக்குள் போனால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எண்ணவில்லை என்றும் 1934இல் அவரே எழுதினார். 1935இல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். பெரியார் 1924இல் வைக்கத்தில் சிறை சென்றதும் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காகத்தான். சாமி தரிசனத்துக்காக அல்ல.

இதையெல்லாம் பேசிவிட்டு நம் சேரிக்குள் வந்து அம்மாக்களின் சாமியைக் கேலி செய்யும் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டு முழுதும் யாரும் காது கொடுத்துக் கேட்காத ஒரு பெண், சாமி வந்து ஆடும்போது மட்டும் ஊரையே அதட்டுகிறாள். அந்த ஒரு நாளையும் பறித்துக்கொண்டு பதிலுக்கு எதைக் கொடுக்கப் போகிறோம்? மற்ற 364 நாளும் அவள் பேச்சைக் கேட்க வைப்பதுதான் நாத்திகம் செய்ய வேண்டிய வேலை. வட்டிக்குக் கடன் வாங்கி நேர்த்திக்கடன் செலுத்துவதையும், கட்டாயத்துக்குப் பறையடிக்கப் போவதையும் விடாமல் எதிர்ப்போம். அவளை இழிவுபடுத்தித்தான் அதைச் செய்ய வேண்டும் என்பதில்லை.

எனவே தோழர்களே, உங்கள் ஊர்த் திருவிழாவில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம்மிடமும் வரி வாங்குகிறார்களா? வாங்கினால், வடம் முதல் மண்டகப்படி வரை நமக்கு என்ன பங்கு? வாங்காவிட்டால், ஏன் வாங்கவில்லை? வரி வாங்காமல் விடுவது சலுகை அல்ல, நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்று சொல்வது. மத ஊர்வலத்தில் தலித்துகள் பங்கேற்பதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம். அந்தச் சட்டத்தைப் படித்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வடத்தைப் பிடிக்கும் உரிமையை முதலில் வாங்குவோம். பிடிப்பதா, விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதா என்பதைப் பிறகு நாமே முடிவு செய்வோம்.