இல்லாததைக் காட்டும் ஆன்டிபாடி

ஒரு குப்பி ஆன்டிபாடிக்கு என் ஒரு மாத ஆய்வு உதவித்தொகை சரியாகப் போகும். உள்ளே இருப்பதோ நூறு மைக்ரோலிட்டர், இரண்டு சொட்டு.

இன்சுலினைச் சிதைக்கும் ஐ.டி.இ. நொதியைத் தேடத்தான் வாங்கினோம். 1949இல் மிர்ஸ்கியும் புரோ-கானும் பதிவுசெய்த நொதி. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டாவையும் வெட்டும். வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் 110 கிலோடால்டன் பக்கம் பட்டை தெரிய வேண்டும். தெரிந்தது, பளிச்சென்று. அந்த நொதிக்கான மரபணுவையே நீக்கிய செல்களிலும் அதே பட்டை! ஆறு வாரம் பாழ். (முதலில் சோதனையில் பயன்படுத்தும் பால்பவுடர் கரைசலைத்தான் திட்டினேன், பாவம்.) விற்றவரைக் கேட்டால், “மற்றவங்களுக்கு வேலை செய்யுதே மேடம்” என்கிறார்.

மரபணு நீக்கிய செல்லில் சோதித்த படம் இல்லாத குப்பிக்கு வரிப்பணம் எதற்கு? கொள்முதல் படிவத்தில் அந்த ஒரு நிபந்தனையைச் சேருங்கள், ஐயா.