மழை நாளில் செருப்பே போதும்



ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் திருமழபாடிப் பிள்ளைகள், பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் நனைந்த ஷூவோடு பள்ளிக்குப் போகிறார்கள். நனைந்த ஷூ ஒரே இரவில் காயாது. மறுநாளும் அதையே போட்டால் விரலிடுக்கில் பூஞ்சை பிடித்துச் சேற்றுப்புண் வரும். அரிப்போடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்?

மழை நாளில் ரப்பர் செருப்போடு வரட்டும். ஷூ, சாக்ஸைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து, பள்ளியில் கால் கழுவி, விரலிடுக்கை நன்றாகத் துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளட்டும். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துவைத்தால் சீக்கிரம் உலரும்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். "ஏன் செருப்போடு வந்தாய்?" என்று பிள்ளையை வெளியே நிறுத்தாதீர்கள். நானும் அப்படி நிறுத்தியவன்தான். இன்று நினைத்தால் மனம் வலிக்கிறது.