புகார் கொடுத்த பிள்ளைக்கு யார் துணை?

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டங்களில், பிள்ளைகளின் பாதுகாப்புக்காக நாங்கள் கொடுத்த மனுக்களுக்கெல்லாம் 'உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்ற ஒரே பதில்தான் வந்தது. அந்த உரிய அலுவலர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. ஆகவே ஊரறிய எழுதுகிறேன்.

நான் கேட்க வந்தது நாங்குநேரியில் நடந்ததைப் பற்றி.

2023 ஆகஸ்ட். பிளஸ் டூ படித்த தலித் மாணவன் சில நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. ஏனென்று ஆசிரியர்கள் கேட்டார்கள். உடன் படித்த ஆதிக்கச் சாதிப் பையன்கள் தன்னைப் படுத்திய பாட்டைச் சொன்னான், புகார் ஆனது. அன்றிரவே அரிவாளோடு வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

பெரியவர்கள் சொல்லச் சொன்னார்கள், பிள்ளை சொன்னான். சொன்ன நேரத்துக்கும் அரிவாள் வந்த நேரத்துக்கும் இடையில் அவனுக்கு யார் பொறுப்பு?

மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019 ஜூலையிலேயே உங்கள் துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பியதும் பழைய நிலையே தொடரும் என்றார் அன்றைய அமைச்சர். நாங்குநேரிக்குப் பிறகு, பள்ளிகளில் சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு வந்தது. 2024 ஜூனில் அறிக்கை முதல்வர் கைக்குப் போனது. அதன் பிறகும், 2025 மார்ச்சில், ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வெழுதக் கிளம்பிய பிளஸ் ஒன் மாணவனைப் பேருந்திலிருந்து இழுத்துப்போட்டு விரல்களை வெட்டினார்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்க்கு எதிரே மாட்டியிருக்கிறது. மதிய இடைவேளையில் பள்ளிக்கூடமே அங்கேதான் நிற்கும். அத்தனை கண்ணுக்கும் முன்னால் எந்தப் பிள்ளை அதில் காகிதம் போடும்? பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. சாவி எங்கே என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். துணிந்து வாய்விட்டுச் சொல்லும் பிள்ளையையும் அடித்தவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, "கை குடுத்துக்கோங்கடா, போங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். பள்ளிக்கூட வாசல் தாண்டினால் அந்தக் கை என்ன செய்யும் என்று யாரும் யோசிப்பதில்லை. இதற்குப் பெயர் விசாரணையா? சொன்னவனைக் காட்டிக்கொடுக்கிற வேலை ஐயா இது.

நாங்குநேரி மாணவன் அடுத்த ஆண்டே பிளஸ் டூவில் 469 மதிப்பெண் எடுத்தான். எல்லோரும் பாராட்டினார்கள். அதில் உங்கள் துறைக்குப் பங்கில்லை. அவன் பிழைத்தது அவன் உறுதியாலும் மருத்துவர்களாலும்.

இன்னொரு குழு வேண்டாம், இன்னொரு சுற்றறிக்கையும் வேண்டாம். புகார் சொன்ன பிள்ளையின் பெயர் வெளியே போகக் கூடாது. அன்று சாயங்காலமே பொறுப்பான ஒருவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும், காவல் நிலையத்துக்கும் தகவல் போக வேண்டும். போகத் தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதைப் பெயரோடு ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் எழுதி வையுங்கள். எழுதும் துணிச்சல் இல்லையென்றால், 'தைரியமாகச் சொல்' என்று பிள்ளைகளிடம் சொல்வதையாவது இன்றோடு நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
திருநெல்வேலி மாவட்டத்துப் பெற்றோர் ஒருவர்