'நல்லா இருக்கேன்' என்றதும் போனை வைத்துவிடாதீர்கள்

அன்புள்ள கோவில்பட்டி அண்ணாச்சிமாருக்கும் மதினிமாருக்கும், அத்தை, சித்தப்பா, பெரியம்மா என்று நான் கூப்பிட்டு வளர்ந்த எல்லாருக்கும்,

இந்த அக்டோபரில் நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் படிக்க ஜெர்மனிக்குக் கிளம்புகிறார்கள். ஏ.பி.எஸ். சான்றிதழ், கல்விக்கடன், விசா என்று எல்லாவற்றுக்கும் கூடவே அலைந்திருப்பீர்கள். இங்கே வந்த பிறகு அவர்களைப் பிடிக்கப்போகிற வீட்டு ஏக்கத்தைப் பற்றி மட்டும் நம் தெருவில் யாரும் பேசுவதில்லை. டோர்ட்மண்டில் படித்து இங்கேயே வேலையிலும் சேர்ந்துவிட்ட நான், வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் அதைப் பார்க்கிறேன்.

வந்து இறங்கிய வாரத்தில் அது தெரியாது. முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, அறை என்று ஓட்டமாகவே போய்விடும். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். நமக்கும் இங்கும் மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் நாலரை மணி நேரமாகிவிடும். டிசம்பரில் காலை எட்டரைக்குத்தான் விடியும். மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். வகுப்பு முடிந்து, இருட்டில் நடந்து அறைக்கு வரும்போது இங்கே மணி 6.30 என்றால் நம் ஊரில் 11. யாரிடமாவது பேசினால் போதும் என்று நெஞ்சு முட்டுகிற நேரம் அது. தீப்பெட்டி ஆபீசில் நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு அசந்து தூங்கும் அம்மாவை எழுப்ப எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? ஞாயிற்றுக்கிழமை இன்னும் கொடுமை. கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போடக்கூடாது என்பது விதி. நம் தெருவின் இரைச்சலில் வளர்ந்த காதுக்கு அந்த அமைதி பயமாகவே இருக்கும்.

இத்தனையையும் அவர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். காரணம் காசு. விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ கட்டியிருக்கிறீர்கள்; நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது என்பது அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் நினைவிருக்கும். அப்படியிருக்க, போனை எடுத்ததும் "பார்ட் டைம் வேலை கிடைச்சிருச்சா?" என்று கேட்டால், "இங்க எனக்கு அழுகையா வருது" என்ற சொல் தொண்டையோடு நின்றுவிடும். "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள்.

இது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் செல்லமோ சோம்பலோ இல்லை. 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாகவே எடுத்து ஆய்வேடு எழுதினார். அதில் அவர் சொன்னவர்களில் ஒருவன், பெர்னிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த இளைஞன். காய்ச்சலில் கிடந்து நலிந்துபோனவனை ஊருக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். வழியிலேயே தேறத் தொடங்கினான். அந்த இரண்டு ஊருக்கும் இடையே நூறு கிலோமீட்டர்கூட இல்லை. நம் பிள்ளைகள் கடல் தாண்டி வந்திருக்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. உங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், 12.30 வாக்கில் கூப்பிடுங்கள். குளிர்காலத்தில் இங்கே அப்போது காலை 8. பகல் முழுக்க அந்தக் குரல் கூட இருக்கும். ஊர்க்கதை சொல்லுங்கள். மழை பெய்ததா, யார் வீட்டில் வளைகாப்பு, பங்குனித் தேருக்கு யாரெல்லாம் வந்தார்கள் என்று பேசுங்கள். ஆனால் கல்யாண வீட்டிலிருந்து மூன்று மணி நேரம் வீடியோ காலில் எல்லாரையும் காட்டாதீர்கள். பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, தான் மட்டும் இல்லாததை அந்தப் பிள்ளை அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும். பத்து நிமிடப் பேச்சு அதைவிட நல்லது.

இங்கேயும் நம்மவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் இந்தப் பகுதியில் நிறைய. நினைத்தபோது டிக்கெட் போட்டு ஊருக்குப் போகிற வழி அவர்களுக்குப் பல வருடங்கள் இருக்கவில்லை. அவர்கள்தான் இங்கே கடை போட்டார்கள், தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள், ஹம் நகரில் காமாட்சி அம்மனுக்குக் கோபுரத்தோடு கோயில் கட்டி 2002இல் குடமுழுக்கும் நடத்தினார்கள். டோர்ட்மண்டிலிருந்து அரை மணி நேரம் ரயிலில் போய் அங்கிருந்து பஸ் ஏறினால் கோயில். மாணவர்களின் பயணச்சீட்டே போதும். நான் படிக்கிற காலத்தில், கறிவேப்பிலை வாங்கப் போன கடையில் ஓர் அக்கா, "தங்கச்சி எந்த இடம்? சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டார். அந்தக் குரலுக்காகவே பிறகும் அந்தக் கடைக்குப் போய்வந்தேன். அவர்கள் பட்டதற்கு முன்னால் என் ஏக்கம் எம்மாத்திரம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிள்ளை கேமராவை எப்போதும் அணைத்தே பேசுகிறது, வகுப்பைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை, நேரங்கெட்ட நேரத்தில் விழித்திருக்கிறது, பிறகு போனையே எடுப்பதில்லை என்றால் அது வெறும் ஏக்கமாக இருக்காது. இங்கே பல்கலைக்கழக நகரங்களில் மாணவர் நலச் சேவை அமைப்பு மனநல ஆலோசனை தருகிறது. பெரும்பாலும் கட்டணம் இல்லை, பேசியது வெளியே போகாது. பல இடங்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். அங்கே போனதாகப் பிள்ளை சொன்னால், "உனக்கென்ன பைத்தியமா" என்று தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தாலும், தோற்று வந்ததாகத் தெருவில் பேசாதீர்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே இங்கே தவிக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

டோர்ட்மண்டுக்கு வருகிறவர்களின் வீட்டார், புறப்படும் தேதியை என் அம்மாவிடம் சொல்லிவையுங்கள். குக்கரும் இட்லித் தட்டும் வாங்கிக் கனம் சேர்க்க வேண்டாம், என்னிடம் இருக்கிறது. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு என் வீட்டில்.

அன்புடன்,
உங்கள் தெருப் பிள்ளை,
டோர்ட்மண்ட்