விரலுக்கேற்ற வீக்கம் போதும்!



சிட்டையும் பேரேடும் எழுதிய காலம் போய், 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து சாதாரண மளிகைக் கடைக்கும் கம்ப்யூட்டர் தவிர்க்க முடியாததாகிவிட்டது. திருவண்ணாமலையில் நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர், கிடங்கில் ஒன்று, மாடியில் கணக்குப் பார்க்க ஒன்று. மூன்றுக்கும் பொதுவாக ஒரு சர்வர் வேண்டும் என்றதும், பெரிய கம்பெனிகள் வாங்கும் பெட்டியை நம் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. அது நமக்குத் தேவையில்லை.

சர்வர் என்றால் ஏதோ மாய இயந்திரம் அல்ல. இரவும் பகலும் ஓடி, எல்லோருடைய கணக்கையும் ஓரிடத்தில் வைத்திருக்கும் கம்ப்யூட்டர், அவ்வளவே. மூன்று நான்கு பேர் பில் போடும் கடைக்குக் கையகல மினி கம்ப்யூட்டர் தாராளம். 100 வாட் இழுக்கும் பெட்டி நாள் முழுவதும் ஓடினால் மாதம் 72 யூனிட். 10 வாட் பெட்டிக்கு 7.2 யூனிட்தான். விலை ஒருமுறை கொடுப்பது. மின்கட்டணம் என்றும் கொடுப்பது.

2012-ல் வெளிவந்த ராஸ்பெரி பை இன்னும் சிறியது. பில்களையும் படங்களையும் சேமிக்க அது போதும். ஆனால் டேலி, விண்டோஸில் ஓடும் மென்பொருள். அதற்கு அந்தப் பலகை சரிப்படாது. பழைய கம்ப்யூட்டர் வாங்குவோர் விண்டோஸ் 11 ஏற்குமா என்று கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

பெட்டியில் மிச்சம் பிடித்த பணத்தை மூன்று காரியங்களுக்குச் செலவிடுங்கள். முதலாவது, நல்ல யு.பி.எஸ். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கணக்குக் கோப்பே கெட்டுவிடும். இரண்டாவது, கல்லாவுக்கும் சர்வருக்கும் நெட்வொர்க் கேபிள். வைஃபையை நம்பிப் பௌர்ணமிக் கூட்டத்தில் பில் போடாதீர்கள். மூன்றாவது, கூடுதலாக இரண்டு ஹார்ட் டிஸ்க்.

சர்வருக்குள்ளேயே இரண்டு டிஸ்க் இருப்பதால் கணக்கு பத்திரம் என்று சிலர் சொல்வார்கள். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். அது பிரதி ஆகாது. தினமும் ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, உடனே கழற்றி வையுங்கள். வாரம் ஒருமுறை இன்னொன்றில் எடுத்து உறவினர் வீட்டில் வையுங்கள். 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையிலிருந்து மண் சரிந்து வ.உ.சி. நகரில் 7 உயிர்கள் பலியானதை நாம் மறக்க முடியாது. மலையடிவார ஊரில், கடையும் வீடும் ஒரே கட்டடம் என்றால், கணக்கின் ஒரு பிரதி வேறு இடத்தில் இருப்பதே விவேகம்.

இன்னொன்று: சர்வரை இண்டர்நெட்டுக்கு நேரடியாகத் திறந்து விடாதீர்கள். 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற திருட்டு நிரல், அப்படித் திறந்து கிடந்த கியூநாப் சேமிப்புப் பெட்டிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். யார் எவ்வளவு பாக்கி என்ற விவரம் போய்விட்டால், தீபத்துக்குக் கொடுத்த கடனைப் பொங்கலுக்குள் எப்படி வசூலிப்பது?

நமது சங்கம் விவரமறிந்த ஒருவரை அழைத்து, பிரதி எடுப்பதையும் எடுத்த பிரதியைத் திறந்து பார்ப்பதையும் உறுப்பினர்களுக்குச் செய்து காட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். திறந்து பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத கல்லா போன்றதே!